ஐஎஸ்ஓவைக் குறைத்தும் நாய்ஸ் கூடுவது ஏன்?

கேள்வி: அரங்குக்குள் நடந்த நிகழ்ச்சியை கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸில், ஷட்டரை 1/500 நொடியில் வைத்து எடுத்தேன். சென்சாரின் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று கேமராவே முடிவுசெய்யும் ஆட்டோ ஐஎஸ்ஓ 6400க்கு ஏறிவிட்டது. படமெல்லாம் நாய்ஸ், புள்ளி புள்ளியாக இருக்கிறது. கறுப்புக் கோட் உடையில் சிவப்பும் பச்சையுமாகத் திட்டுகள். அடுத்த முறை ஐஎஸ்ஓவை 400க்கு மேல் விடவில்லை. இருட்டாக வந்த படத்தைக் கணினியில் வெளிச்சமாக்கினால் முன்னைவிட மோசம். சென்சார் பழுதாகிவிட்டதா?

பதில்: சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் போதிய வெளிச்சம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஐஎஸ்ஓவைக் குறைத்தால் நாய்ஸ் குறையும் என்று பலரும் சொல்வார்கள். பாதி உண்மை. ஐஎஸ்ஓவைக் குறைத்துவிட்டு, அதற்கு ஈடாக ஷட்டரையோ, லென்ஸின் துவாரமான அபெர்ச்சரையோ கூடுதலாகத் திறந்தால்தான் அது பலிக்கும். நீங்கள் இரண்டையும் தொடவில்லை. 6400இலும் 400இலும் சென்சாரில் விழுந்த ஒளி ஒரே அளவுதான்.

ஒளி ஃபோட்டான் என்னும் துகள்களாக, ஒழுங்கில்லாமல் வந்து விழுகிறது. ஒரே நிறச் சுவரைப் படமெடுக்கிறீர்கள், பிக்செலுக்குச் சராசரியாக 100 ஃபோட்டான் வருகிறது என்று வையுங்கள். ஒரு பிக்செலில் 92 விழும், பக்கத்துப் பிக்செலில் 109 விழும். இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய சராசரியின் வர்க்கமூலம்: 100க்கு 10, அதாவது பத்து சதவீதம். அதே பிக்செலில் 10,000 ஃபோட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, ஒரு சதவீதம்தான், கண்ணுக்கே தெரியாது. கறுப்புக் கோட் உடையில் திட்டு தெரிந்து வெள்ளைச் சட்டையில் தெரியாமல் போவது இதனால்தான். எவ்வளவு விலை உயர்ந்த கேமராவாக இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

இதற்கு மேல், சிக்னலைப் படித்தெடுக்கும் மின்சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் நாய்ஸ் சேர்க்கும். ஐஎஸ்ஓவைக் கூட்டும்போது சிக்னல் பெருகிய பிறகே அந்த நாய்ஸின் ஒரு பகுதி வந்து சேர்கிறது. 400இல் எடுத்துப் பிறகு கணினியில் 16 மடங்கு தூக்கினால் அதுவும் சேர்ந்தே 16 மடங்காகிறது. புதிய சென்சார்கள் சிலவற்றில் இந்த வித்தியாசம் மிகக் குறைவு. ஆனால் ஜேபெக்கில் எடுத்திருந்தால் அந்தச் சலுகையும் இல்லை. ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். இருட்டுப் பகுதிக்குக் கிடைப்பதோ அதில் கைவிரல் விட்டு எண்ணும் அளவு. அதை இழுத்தால் திட்டுத் திட்டாகத்தான் வரும்.

ஆகவே முதலில் ஷட்டரைப் பாருங்கள். மைக் முன்னால் நின்று பேசுபவருக்கு 1/500 எதற்கு? 1/125 போதும், நான்கு மடங்கு ஒளி கிடைக்கும். பேச்சின் நடுவே சற்று நிறுத்தும் கணத்தில் அழுத்தினால் கை அசைவும் மங்காது. நடனம் என்றால் 1/500ஐ விட்டுக்கொடுக்க முடியாது, நாய்ஸைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆள் அசைந்து மங்கிய படத்தை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

அடுத்தது ஜூம். இந்த வகை கிட் லென்ஸ்கள் பெரும்பாலும் 18 எம்எம்மில் எஃப் 3.5க்குத் திறக்கும், 55க்குப் போனதும் எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது). ஒளியில் இது சுமார் இரண்டரை மடங்கு வித்தியாசம். மேடைக்கு அருகே போய் 18இல் எடுத்தால், ஷட்டரில் கிடைத்த நான்கு மடங்கையும் சேர்த்துப் பத்து மடங்கு ஆகிறது. 6400 கேட்ட கேமரா 640 போதும் என்று சொல்லும். ரொம்ப நெருங்கினால் ஓரத்தில் இருக்கும் முகங்கள் இழுபட்டதுபோல் தெரியும். ஆட்களை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூம் இல்லாத எஃப் 1.8 பிரைம் லென்ஸ் வாங்கினால் எஃப் 5.6ஐவிட ஒன்பது மடங்குக்கும் அதிக ஒளி கிடைக்கும். ஆனால் முழுதாகத் திறந்து குழுப்படம் எடுத்தால் முன்வரிசை துல்லியமாக இருக்கும், பின்வரிசை மங்கிவிடும். என்னைக் கேட்டால் புதுக் கேமராவுக்கு முன் இந்த லென்ஸைத்தான் வாங்கச் சொல்வேன்.

இதற்குப் பிறகும் ஐஎஸ்ஓ 3200 தேவைப்பட்டால் தயங்காமல் வையுங்கள். ஜேபெக்குக்குப் பதில், சென்சார் தந்த தகவலை அப்படியே சேமிக்கும் ரா வடிவில் எடுங்கள். வெள்ளைச் சட்டையின் மடிப்பு வெளிறாத அளவுக்குப் படத்தைச் சற்று வெளிச்சமாகவே எடுத்து, பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

கேமராவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று ஒன்று இருக்கும். சில நொடிகள் ஷட்டர் திறந்திருக்கும் இரவுப் படங்களுக்குத்தான் அது, உங்களுக்கு உதவாது.

ஏற்கெனவே எடுத்த 6400 படங்களை அழித்துவிட வேண்டாம். படத்தைத் திருத்தும் மென்பொருளில் நிற நாய்ஸைக் குறைக்கும் ஸ்லைடரைத் தாராளமாகத் தள்ளலாம். சிவப்பு, பச்சைத் திட்டு போய்விடும், நுணுக்கம் பெரிதாகக் கெடாது. நிறமில்லாப் புள்ளிகளான வெளிச்ச நாய்ஸுக்கான ஸ்லைடரில் மட்டும் கை அடக்கம் வேண்டும். புருவத்தைப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள். முடி தனித்தனியாகத் தெரியாமல் தீட்டியதுபோல் ஆகும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்திவிடுங்கள். ஷார்ப்பனிங்கையும் குறையுங்கள், அது புள்ளிகளையும் சேர்த்தே கூராக்கும். பிறகு படத்தின் அளவைச் சுருக்குங்கள். 6000க்கு 4000 பிக்செல் படத்தை 3000க்கு 2000 ஆக்கினால் நான்கு பிக்செல் கலந்து ஒன்றாகும், நாய்ஸ் ஏறக்குறைய பாதியாகிவிடும். போனிலோ ஆல்பத்திலோ பார்ப்பதற்கு அந்த அளவே தாராளம்.