தாதி அக்கா பதில்கள்: ரசம் போதும் என்கிறார் மாமியார்

கேள்வி: அக்கா, வீட்டில் மாமியாருக்கு 67 வயது, இனிப்பு நீர் (நீரிழிவு), இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. நான், கணவர், பாலர் பள்ளி போகும் 6 வயது மகன், 4 மாதக் கைக்குழந்தை. எல்லாரும் புளூ ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றால் மாமியார் மறுக்கிறார். முன்பு போட்ட மறுநாளே காய்ச்சல் வந்ததாம். "மிளகு ரசம் போதும்" என்கிறார். யாருக்குத்தான் இந்த ஊசி அவசியம்?
- வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: ரசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சல் என்றால் எனக்கும் அதுதான். ஆனால் தங்கச்சி, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது யார்? மாமியாராகத்தான் இருக்கும். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, கடைசியில் மூக்கில் வாய் வைத்து ஓர் ஊது! முதலில் அந்த ஊதலை நிறுத்தச் சொல்லுங்கள். புளூ கிருமிக்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது.

6 மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. கர்ப்பமாக இருந்தபோது நீங்கள் போட்டிருந்தால் அதன் பலன் பிள்ளைக்கும் கொஞ்சம் போயிருக்கும். கர்ப்பகாலப் பதிவுகள் உள்ள பிங்க் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். போடவில்லையா? பால் கொடுப்பவர்களும் தாராளமாகப் போடலாம். குழந்தையைத் தூக்குகிற கைகள் எல்லாம் போட்டுக்கொள்வதுதான் இப்போதைக்கு அதற்குக் காவல்.

அடுத்து மாமியார். 60 தாண்டியவர், அதிலும் இனிப்பு நீர் உள்ளவர். புளூ இவர்களுக்குச் சளியோடு நிற்காது; சர்க்கரை ஏறும், நுரையீரல் வரை இறங்கும். ஆஸ்துமா, இருதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இதே கதைதான். ஊசியில் இருப்பது செத்த கிருமி, அதனால் ஊசியே புளூவைக் கொண்டுவராது. கை வலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கலாம். போட்டபிறகும் புளூ வரக்கூடும். ஆனால் ஆளைச் சாய்க்கிற அளவுக்குப் போவது குறையும்.

மகன் இதுவரை போட்டதே இல்லையென்றால் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி. பெரியவர்களுக்கு ஒன்று, ஆனால் ஒவ்வொரு வருடமும். கிருமி உருமாறிக்கொண்டே இருக்கிறது. நம் ஊரில் குளிர்காலம் கிடையாது, புளூ வருடம் முழுக்கச் சுற்றும். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் கூட்டத்தில் நிற்பதாக இருந்தால், நாட்களை எண்ணி முன்கூட்டியே போடுங்கள். கடும் காய்ச்சல் அடிக்கிற அன்று வேண்டாம். முன்பு இந்த ஊசியால் மூச்சுத்திணறல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

நானே வார்டில் இருந்த காலத்தில், இரவு வேலையைச் சாக்காக வைத்து ஒரு வருடம் போடாமல் விட்டேன். எனக்கு ஒரு வாரப் படுக்கை. என்னிடமிருந்து தொற்றிய அம்மாதான் வார்டு வரை போய் வந்தார். மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்.

அப்புறம், கரண்டி பிடிக்காத கையில் போடச் சொல்லுங்கள். வலி இருக்கும் இரண்டு நாளும் உங்கள் கணவர் குளிப்பாட்டட்டும்.