தலைக்கு இவ்ளோனு காசு குடுத்தா வைத்தியம் நல்லாயிடுமா?

கேள்வி: அக்கா, நான் ஒரு டிரஸ்ட் கிளினிக்ல ஸ்டாஃப் நர்ஸ். 'பெர்ஃபார்மன்ஸ் பேஸ்டு ஃபைனான்சிங்'னு ஒரு டிரெய்னிங்குக்குப் போகச் சொல்றாங்க. செய்ற வேலைக்கு ஏத்த மாதிரி கிளினிக்குக்கு காசு வருமாம். இது டார்கெட் வெச்சு நம்மள புழியற வேலையா, இல்ல நெஜமாவே பிரயோஜனம் இருக்கா? அங்க என்ன கேக்கணும்?
- ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: புழியறதுக்கும் யூஸ் பண்ணலாம் தங்கச்சி, ஆனா ஐடியா அது இல்ல. வழக்கமா பேஷன்ட் வந்தாலும் வராட்டியும் பட்ஜெட் பணம் வந்துடும், இதுல வேலை நடக்கணும், வெளி ஆள் ஒருத்தர் வந்து செக் பண்ணணும், அப்புறம்தான் காசு. சும்மா ஒரு கணக்கு, ஒரு செக்கப்புக்கு 50 ரூபாய்னு வெச்சு 200 செக்கப் பண்ணா 10,000, ஆனா தரத்துக்கு நூத்துக்கு 80 மார்க்தான்னா கைக்கு வர்றது 8,000. கை கழுவுற எடத்துல சோப்பு இல்லன்னாலும் மார்க் போகும்.

ஆப்பிரிக்கால இருக்கற ருவாண்டால 2006ல இருந்து இத நாடு முழுக்க கொண்டுபோனாங்க. 2011ல வந்த ஆய்வுல, ஆஸ்பத்திரில நடக்குற பிரசவம் 23 சதவீதம் கூடியிருந்துச்சு, ஆனா கர்ப்பிணிங்க நாலு செக்கப்பையும் முடிக்கறது மட்டும் கூடல. ரேட்ட பாரு, ஒரு பிரசவத்துக்கு 4.59 டாலர், நாலு செக்கப்பும் முடிச்சா 0.37 டாலர். காசு எங்கயோ கவனம் அங்க, அவ்ளோதான். அதனால மொதல்ல எதுக்கு எவ்ளோ ரேட், அத யாரு முடிவு பண்றாங்கன்னு கேளு.

நம்ம ஏரியாவுக்கே வா. சுகர் மாத்திரை குடுத்த எண்ணிக்கைக்கு காசுன்னா மாத்திரை அட்டை மட்டும் கரெக்டா கைக்குப் போயிடும், சுகர் குறைஞ்சுதான்னு யாரும் பாக்கமாட்டாங்க. சரி, சுகர் குறைஞ்சாதான் காசுன்னு மாத்துனா, கடலுக்குப் போயிட்டு பத்து நாள் கழிச்சு வர்ற காசிமேட்டு அண்ணன லிஸ்ட்லயே சேக்கமாட்டாங்க, அவருக்குத்தான் வைத்தியம் ரொம்ப தேவை! இந்த மாதிரி கஷ்டமான பேஷன்டுக்கு தனி ரேட் உண்டான்னு கேளு.

பொய் கணக்கும் வரும். பிபி ரெஜிஸ்டர்ல ஒரு பக்கம் முழுக்க 120/80, எல்லாம் ஒரே பேனா, ஒரே அவசரத்துல எழுதுனது, அத பாத்தாலே தெரிஞ்சுடும் யாரையும் ஒக்கார வெச்சு பிபி பாக்கலன்னு. அதனாலதான் ரெஜிஸ்டர்ல இருந்து சில பேர எடுத்து, வீடு தேடிப்போய் 'நெஜமா வந்தீங்களா, எப்படி பாத்தாங்க'ன்னு விசாரிக்கிறது இதுல முக்கியமான பாகம். டிரெய்னிங்ல இதுக்கு அரை மணிநேரம் மட்டும் ஒதுக்குனா எனக்கு சந்தேகம்தான்.

அப்புறம் பங்கு. நம்ம நாட்டுல சுத்தமா இருக்கற அரசு ஆஸ்பத்திரிங்களுக்கு குடுக்கறதுக்காக 2015ல ஆரம்பிச்ச காயகல்ப் விருதுல, பணத்துல 75 சதவீதம் ஆஸ்பத்திரி வசதிக்கு, 25 சதவீதம் ஸ்டாஃபுக்குன்னு வெச்சாங்க. உங்க கிளினிக்ல எப்படி? டாக்டர்ல இருந்து தரை தொடைக்கிற ஆயாம்மா வரைக்கும் யாருக்கு எவ்ளோன்னு முன்னாடியே எழுத்துல வாங்கிடு, பணம் வந்தப்புறம் பேசுனா சண்டைதான்.

கடைசியா, எழுத்து வேலை எவ்ளோ கூடும்னு கேளு. இருக்கறதே ரெண்டு நர்ஸ்னா, ஒருத்தி நாள் முழுக்க என்ட்ரி போட்டுட்டு இருந்தா ஊசி யாரு போடுறது?