நாமினி என்று பெயர் இருந்தால் வீடு அவருக்கே சொந்தமா?

மும்பை செம்பூரில் அப்பா பெயரில் ஃபிளாட், உயில் இல்லை, அண்ணன் நாமினி. தங்கைக்குப் பங்கு உண்டா என்பது கேள்வி. உண்டு.

உரிமையாளர் இறந்தபின் சொத்தைப் பெற்றுக்கொள்ளக் குறிப்பிடப்பட்டவர்தான் நாமினி. வாரிசுகள் பேசி முடிக்கும்வரை வங்கியோ ஹவுசிங் சொசைட்டியோ காத்திருக்க முடியாது. யாரிடமாவது ஒப்படைத்துத் தன் பொறுப்பை முடித்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் அந்தப் பெயர். நீங்கள் வீட்டில் இல்லாதபோது வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டு உங்கள் பார்சலை வாங்கி வைப்பதில்லையா, அப்படி.

சொந்தம் யாருக்கு என்பதை உயில் சொல்லும். உயில் இல்லையா, வாரிசுரிமைச் சட்டம் சொல்லும். இந்துக் குடும்பமானால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பாவின் சொந்தச் சொத்தில் அவர் மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் அவருடைய தாய், எல்லாருக்கும் சமபங்கு. ஷேர்களிலும் நாமினி சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாக்கிவிட்டது. ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும் 2015 திருத்தத்தில் தனி விதி இருக்கிறது. அதிலும் வழக்குகள் வராமல் இல்லை.

சரி, தங்கையே பங்கு வேண்டாம் என்கிறாரா? விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். வாய்ப்பேச்சு பின்னாளில் நிற்காது.

சொசைட்டியில் அண்ணன் பெயர் ஏறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மகாராஷ்டிரச் சட்டம் நாமினியைத் தற்காலிக உறுப்பினராகத்தான் சேர்க்கிறது.