மழைத் தண்ணீரில் நின்ற கார்: ரெக்கவரிக்காரர் சொல்வதைக் கேட்கலாமா?

கேள்வி: ஷார்ஜாவில் வசிக்கிறேன். போன வாரம் இரவு துபாயில் வேலை முடிந்து திரும்பும்போது நல்ல மழை. வீட்டுக்குப் பக்கத்துச் சிக்னலைத் தாண்டியதும் தேங்கிய தண்ணீரில் கார் நின்றுவிட்டது. இரண்டு முறை ஸ்டார்ட் செய்து பார்த்தேன், எடுக்கவில்லை. நின்ற வண்டியை இழுத்துப்போகும் ரெக்கவரிக்காரர் தனக்குத் தெரிந்த கராஜில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். “பார்க்கிங்கில் நின்றபோது மூழ்கியது என்று சொல்லுங்கள், இன்சூரன்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். உண்மையைச் சொன்னால் லைசென்ஸில் 23 பிளாக் பாயிண்ட் (டிராஃபிக் குற்றப் புள்ளி) விழும் என்று ரூம் நண்பர் பயமுறுத்துகிறார். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 23-ஐ மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். 2023-இல் வந்த விதி அது. வெள்ளம் ஓடும் வாதிக்குள், அதாவது மலையடிவாரக் காட்டாற்றுப் படுகைக்குள், வண்டியை இறக்குகிறவருக்கு 2,000 திர்ஹாம் அபராதம், 23 பாயிண்ட், 60 நாள் வண்டி பறிமுதல். 24 ஆனால் லைசென்ஸே முடக்கப்படும் என்பதால் அந்த எண் எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஹத்தா பக்கமோ ராஸ் அல் கைமா பக்கமோ வீடியோ எடுக்கப் போகிறவர்களுக்காகப் போட்ட விதி. நீங்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போன வழி வாதி இல்லை, ஊருக்குள் இருக்கும் தார் ரோடு. போலீஸ் தடுப்பு வைத்து மூடியிருந்த ரோட்டில், அதை ஒதுக்கிவிட்டு உள்ளே போயிருந்தால் கதை வேறு. இன்சூரன்ஸ்காரரும் ‘தெரிந்தே இறங்கினீர்கள்’ என்று கையை விரிப்பார். தடுப்பு இல்லை, முன்னால் நாலு வண்டி போனது, நீங்களும் போனீர்கள், நடுவில் தண்ணீர் ஏறியது என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். ஓட்டும்போது நின்றது என்பதற்காகவே கிளெய்ம் தள்ளுபடி ஆகிவிடாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு பயத்தை வைத்துத்தான் அந்த ரெக்கவரிக்காரர் பிழைக்கிறார்.

பார்க்கிங் பொய் ஏன் நிற்காது? சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்ததும் முதலில் கழற்றுவது ஏர் ஃபில்டர் பெட்டியைத்தான். ஓடுகிற எஞ்சின் காற்றோடு தண்ணீரையும் இழுக்கும். ஃபில்டரின் மடிப்புகள் நனைந்து, சேறு ஒட்டி, உள்பக்கமாக வளைந்திருக்கும். சும்மா நின்ற வண்டியில், தண்ணீர் அந்த உயரம் ஏறாதவரை ஃபில்டர் காய்ந்தே இருக்கும். பிறகு சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்ப்பார். நின்றபடி மூழ்கிய காரில் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். உங்கள் காரில் அது இருக்காது. இரண்டே நிமிடத்தில் பொய் வெளுத்துவிடும். நியாயமாக வரவேண்டிய பணமும் அதோடு போகும்.

அந்த மனிதருக்கு இதில் என்ன லாபம்? கராஜில் கமிஷன், நாள் வாடகை, உங்கள் கையெழுத்து. வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டாரா? போட்டிருந்தால் இன்றே போய்த் திரும்ப வாங்குங்கள். முல்கியா, அதாவது வண்டியின் பதிவு அட்டை, அசல் அவரிடம் இருந்தால் அதையும் வாங்குங்கள். போலீஸ் காகிதம் இல்லாமல் அடிபட்ட வண்டியில் கராஜ் கை வைக்கக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். ‘முதலில் பிரித்துப் பார்ப்போம்’ என்று யார் சொன்னாலும் விடாதீர்கள்.

போலீஸ் காகிதம் வாங்குவதைச் சுலபம் என்று சொல்ல மனம் வரவில்லை. சம்பவம் எந்த எமிரேட்டில் நடந்ததோ அங்குள்ள போலீஸிடம்தான் வாங்கவேண்டும். துபாய்க்கு ஒரு ஆப், ஷார்ஜாவுக்கு வேறொன்று. ரோட்டின் இந்தப் பக்கம் துபாய், அந்தப் பக்கம் ஷார்ஜா என்று குடியிருக்கிறவர் எதைத் திறப்பார்? மழை பெய்த மறுநாள் எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் அதுவும் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு நின்றது ஷார்ஜாவில், ஆகவே ஷார்ஜா போலீஸ். ஆப் மக்கர் செய்தால் ஸ்டேஷனுக்கே போங்கள். அரசு விண்ணப்பம் நிரப்பித் தரும் டைப்பிங் சென்டர் ஆளிடம் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

அடுத்து பாலிசி. ‘ஃபுல்’ என்பது ஏஜென்ட் வாயிலிருந்து வருகிற சொல். அட்டவணையில் இயற்கைச் சீற்றம், வெள்ளம் என்ற வரி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இல்லையென்றால் விற்றவரைக் கேளுங்கள், எழுத்தில். பாலைவனத்தில் என்ன மழை என்று அந்த வரியை எடுத்துவிட்டு இருபது முப்பது திர்ஹாம் குறைத்துக் காட்டுகிற ஏஜென்டுகளை நான் பார்த்திருக்கிறேன். வருடம் முழுக்கச் சேர்த்தே சுமார் 100 மி.மீ. மழைதான் இங்கே, உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நாலைந்து தடவையாக விழும். மேற்கிலிருந்து குளிர்ந்த மேல்காற்று இறங்கும், செங்கடல் பக்கமிருந்து காற்றழுத்தத் தாழ்வு நீளும், வளைகுடா ஈரம் மேலே எழும்பும், ஒரே இரவில் கொட்டித் தீர்க்கும். வடிகால் போதாத சமதளத்தில் தண்ணீர் எங்கே போகும்? 2024 ஏப்ரல் 16-இல் அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் 254.8 மி.மீ. பதிவானது, 1949 முதல் உள்ள பதிவுகளிலேயே அதிகம். கம்பெனிகள் உஷாரானதும் அதற்குப் பிறகுதான்.

நீங்கள் செய்த ஒரே தவறு, நின்ற பிறகு ஸ்டார்ட் செய்தது. தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் ஏறினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதையும் மறைக்க வேண்டாம். கேட்டால் சொல்லுங்கள். இனி யாரும் சாவி போடக் கூடாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்றே ஈமெயிலில் தெரிவித்து, அவர்கள் சொல்லும் கராஜுக்கு அவர்கள் ரெக்கவரியிலேயே வண்டியை மாற்றுங்கள். கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். போனில் சொல்லும் ‘கவர் ஆகாது சார்’ செல்லாது. அந்தக் கடிதத்தோடு சனதக் என்ற குறைதீர்ப்பு அமைப்பில் நீங்களே புகார் கொடுக்கலாம்.

‘எஞ்சின் பழசு, தானாகப் போயிருக்கிறது, தேய்மானம்’ என்று மடக்கப் பார்ப்பார்கள். அதற்குப் பதில் அந்த நனைந்த ஃபில்டர்தான். கராஜ்காரர் ஏற்கெனவே கழற்றிப் போட்டிருந்தால் குப்பையிலிருந்தாவது எடுத்து, காய்வதற்குள் படம் பிடித்து, பையில் கட்டி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.