அடுத்த வில் இருக்கட்டும், முதலில் ஒரு டஜன் அம்பு செய்யுங்கள்

கேள்வி: மூங்கிலில் வில் செய்வது என் பொழுதுபோக்கு. கை நன்றாகப் பழகிவிட்டது. 45 பவுண்டு இழுவிசை கொண்ட வில் இப்போது பிசகில்லாமல் வருகிறது. அதனாலேயே சலிப்பும் தட்டுகிறது. அடுத்து 80 பவுண்டு வில்லில் இறங்கலாமா, கொம்பு வில்லுக்குப் போகலாமா?

பதில்: 80 பவுண்டை ஒதுக்கிவிடுங்கள். கனத்த வில்லில் சிறு பிழையும் முறிவில் முடியும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே பெரிய சோதனை செய்பவரின் கைக்கு அல்ல, இழுப்பவரின் தோளுக்கு. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த யூ மர விற்களின் இழுவிசையை 100 முதல் 185 பவுண்டு வரை மதிப்பிடுகிறார்கள். அவற்றை வளைத்தவர்கள் சிறுவயதிலிருந்தே பழகியவர்கள். உங்கள் 80 பவுண்டு வில் பெரும்பாலும் சுவரில்தான் தொங்கும்.

உங்கள் கடிதத்தில் அம்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே! வில் செய்கிற பலரும் இப்படித்தான். வில்லுக்கு வாரக்கணக்கில் உழைப்பார்கள், அம்பை மட்டும் கடையில் வாங்கிவிடுவார்கள். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கும் முந்தைய ‘ஓட்ஸி’ என்ற மனிதரின் அம்பறாத்தூணியில் 14 அம்புகள் இருந்தன. அவற்றில் வேலை முடிந்தவை இரண்டே. கல் முனை, பிர்ச் மரக் கீலில் ஒட்டி நூலால் சுற்றிய மூன்று இறகுகள் என்று ஒவ்வொன்றிலும் அவ்வளவு வேலை இருக்கிறது.

ஒரே மாதிரி பறக்கும் 12 அம்புகளை இயற்கைக் கழியிலிருந்து எடுப்பதுதான் உங்களுக்கான அடுத்த சவால். விடுபட்ட அம்பு நேராகப் பாய்வதில்லை. நெளிந்து, வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த நெளிவு வில்லுக்குப் பொருந்தாவிட்டால் குறி பக்கவாட்டில் தவறும். அந்த நெளிவைத் தீர்மானிக்கும் கழியின் விறைப்பை வீட்டிலேயே அளக்கலாம். 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, கழியை அவற்றின்மேல் வைத்து, நடுவில் 2 பவுண்டு (சுமார் 900 கிராம்) எடையைத் தொங்கவிடுங்கள். எத்தனை அங்குலம் தாழ்கிறதோ அதனால் 26ஐ வகுத்தால் விறைப்பு பவுண்டில் கிடைக்கும். அரை அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது 0.52 அங்குலம் தாழ்ந்தால் 50 பவுண்டு. அம்பு செல்லப் பிடியில் வெட்டு இல்லாத உங்கள் வில்லுக்கு, இழுவிசையைவிடக் கொஞ்சம் மென்மையான கழியே பொருந்தும்.

மூங்கில் கழியைக் கணுவில் அனல் காட்டி நிமிர்த்துங்கள். அதே ஆணிகளின்மேல் உருட்டி அளந்து பார்த்தால் ஒரு பக்கம் மற்றதைவிட விறைப்பாக இருக்கும். அந்தப் பக்கம் வில்லோடு படும்படி நாண் பொருந்தும் பள்ளத்தை வெட்டுங்கள். ஓர் அம்புக்கு மூன்று இறகும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வர வேண்டும். இடது, வலது கலந்தால் அம்பு சுழலத் தடுமாறும்.

கொம்பு வில்லுக்கு அவசரம் வேண்டாம். கொரியாவின் பாரம்பரிய வில்லில் எருமைக் கொம்பு, மூங்கில், முசுக்கொட்டை மரம், மாட்டுத் தசைநாண் எல்லாம் மீன் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையால் சேர்கின்றன. அந்தப் பசைக்கு ஈரம் ஆகாது. அங்கே வில்லையே கதகதப்பான பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள். நம் கடலோர ஊர்களின் மழைக்காலத்தில் அது என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இடையில் ஒரு படி இருக்கிறது: குட்டையான மர வில்லின் முதுகில், அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறத்தில், தசைநாண் ஒட்டுவது. மூங்கிலில் முயலாதீர்கள். வழவழப்பான வெளித்தோலில் பசை சரியாகப் பிடிக்காது. இழுப்பைத் தாங்கும் பலமும் அதற்கு ஏற்கெனவே உண்டு. இறைச்சிக் கடையில் மாட்டுக் கால் தசைநாண் கேட்டு வாங்கி, காயவைத்து, தட்டி நாராகப் பிரியுங்கள். விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசையை 60 டிகிரி செல்சியஸ் அளவில் இளக்குங்கள். கொதித்தால் அதன் பிடிப்பு போய்விடும். நாரைப் பசையில் தோய்த்து நீளவாக்கில் அடுக்குங்கள். காயும்போது நார் சுருங்கி வில்லை அதன் முதுகுப் பக்கமாக வளைக்கும். அதைப் பார்த்ததும் நாணேற்றக் கை பரபரக்கும். வாரம் ஒருமுறை வில்லை எடை போடுங்கள், எடை குறைவது நிற்கும் வரை நாண் பக்கமே போகாதீர்கள்.