பள்ளிக்குப் பணம் கூடினால் படிப்பும் கூடுமா?

கூடலாம், ஆனால் பணம் எதற்குப் போகிறது என்பதைப் பொறுத்தது.

இந்தோனேசியாவில் 2005-இல் ஒரு சட்டம் வந்தது. தகுதிச் சான்று பெற்ற ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு! 360 பள்ளிகளில் நடந்த ஆய்வில் ஆசிரியர்களுக்கு மனநிறைவு கூடியிருந்தது, பள்ளிக்கு வெளியே இன்னொரு வேலையும் பார்ப்பது குறைந்திருந்தது. பிள்ளைகளின் மதிப்பெண்? மூன்று வருடம் கழித்தும் அசையவில்லை. நல்ல சம்பளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்குச் சம்பளத்தை மட்டும் கூட்டினால் பாடம் நடத்தும் முறை மாறிவிடாது.

இதற்கு நேர்மாறானது நம் தமிழ்நாட்டு அரசின் மாலை வகுப்புத் திட்டமான 'இல்லம் தேடிக் கல்வி'. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின் 2021-இல் தொடங்கியது. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். சாயங்காலம் யார் வீட்டுத் திண்ணையிலாவது இருபது பிள்ளைகள்; ஐந்தாம் வகுப்புப் பையன் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறினால் அங்கிருந்தே ஆரம்பிப்பார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அதில் ஏறக்குறைய கால்பங்கு இந்த வகுப்புகளால் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

அதற்காக 1,000 ரூபாயிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பகலில் பாடம் நடத்த ஆசிரியரே இல்லாத பள்ளிக்கு முதலில் ஆசிரியரைப் போட வேண்டும், அதற்குப் பணம் வேண்டும்.