மாதாமாதம் அதே படியிலா விழுவார்?

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறேன். ஒரு பெண் 'படியில் விழுந்துட்டேன்' என்று அடிக்கடி காயத்தோடு வருகிறார், கணவரும் கூடவே நிற்கிறார். குடும்ப விஷயத்தில் நாங்கள் தலையிடலாமா?

பதில்: தலையிடலாம். உங்களுக்கே சந்தேகம் வந்ததால்தானே எழுதியிருக்கிறீர்கள்! 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் இருக்கும் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை பேருக்கு டெங்கு வந்திருந்தால் தெருத்தெருவாக மருந்தடித்திருப்போம். அடி காயத்தோடு முடிவதில்லை, கருச்சிதைவு, மனச்சோர்வு, ஓயாத தலைவலி என்று திரும்பத் திரும்ப உங்களிடமேதான் வந்து நிற்கும்.

சரி, எடை பார்க்க வேண்டும் என்று ஏதாவது சொல்லி அவரைத் தனியாக அழைத்துப் போங்கள். கணவர் முன்னால் மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதற்கும் சேர்த்து வீட்டில் அடி விழும். தனியாக இருக்கும்போது, 'வீட்டில் யாராவது அடிக்கிறார்களாம்மா?' என்று நேராகவே கேளுங்கள். சொன்னால் நம்புங்கள், 'ஏன் இன்னும் அங்கேயே இருக்கே' என்று மட்டும் வேண்டாம். அப்புறம் காயம் எங்கே, எவ்வளவு நீளம் என்று பதிவேட்டில் எழுதி வையுங்கள், பின்னால் வழக்கு என்று போனால் அதுதான் கை கொடுக்கும். பெண்களுக்கான 181 உதவி எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் கணவர் கையில் சிக்கலாம். மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், மூன்றே இலக்கம்தானே.